விரலியும் கிழங்கும்: குட்டை மேக்னம் தோட்டாவோடு ஏழு பருவம்

போன மாசியில் மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப் போட்டிருந்தோம். இராக் காவலுக்கு நானும் அக்கா மகனும் களத்து மேட்டில் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். எங்கள் தோட்டம் அந்தியூருக்கு வடக்கே, பர்கூர் மலை அடிவாரத்துக்குப் பக்கம். மஞ்சளைப் பன்னி தின்னாது. ஆனால் களத்தை ஒட்டி மக்காச்சோளம் நின்றது, அதற்கு வரும்.

அவனுக்கு அடுத்த மாதம் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில் வேலை. நான் 13 வருடம் இருந்த ஊர் அது. அங்கே போனதும் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு உரிமம் எடுக்கப் போகிறேன் என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி நேராகவே கேட்டான்.

"ஏனுங் மாமா, 300 ஷார்ட் மேக்னம்தான் எல்க்குக்கு நல்லதுன்னு எல்லாருஞ் சொல்றாங்க. நீங்களும் அதைத்தான வெச்சிருந்தீங்க? அதையே வாங்கிக்கட்டுங்களா?"

அவனுக்கு அன்றைக்குச் சொன்னதையும், சொல்லும்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது முறையாக உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறார்கள். இதே கேள்வியை என்னிடம் வேறு இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

300 ஷார்ட் மேக்னம் என்பது ஒரு ரைபிள் தோட்டாவின் பெயர். மேக்னம் என்றால் வழக்கத்தைவிட அதிக மருந்து கொள்ளும் தோட்டா. முதலில் அதன் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். களத்தில் கையை விட்டு ஒரு விரலி மஞ்சளையும் ஒரு கிழங்கு மஞ்சளையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். விரலி நீளமாக ஒல்லியாக இருக்கும். கிழங்கு குட்டையாக உருண்டு இருக்கும். எடை போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 1963-இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னம் விரலி மாதிரி. அதன் பித்தளைக் கூடு 66.5 மில்லிமீட்டர் நீளம். 2001-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த 300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் கிழங்கு மாதிரி. கூட்டின் நீளம் 53.3 மில்லிமீட்டர்தான், ஆனால் விட்டம் 14 மில்லிமீட்டரைத் தாண்டும். நூறு வருடத்துக்கு மேல் பழைய, 30-06 என்ற சாதாரண வேட்டைத் தோட்டாவின் கூடு விட்டம் 12 மில்லிமீட்டர்கூட வராது.

குட்டையாகவும் தடியாகவும் செய்ததற்குக் காரணம் உண்டு. தோட்டாவின் அடியில் உள்ள கேப் வெடித்ததும் தீ வெடிமருந்துக்குள் பாய்கிறது. மருந்து நீளமாக அடுக்கியிருந்தால் அடியில் இருப்பது முதலில் பற்றிக்கொள்ளும், முன்னால் இருப்பது எரிந்தபடியே குழலுக்குள் தள்ளப்படும். குட்டையாக அகலமாக இருந்தால் மருந்தின் பெரும்பகுதி கூட்டுக்குள்ளேயே ஒரே சீராகப் பற்றும். குறி தவறாமல் சுடும் பென்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் 1970-களிலேயே பி.பி.சி. என்ற குட்டைத் தோட்டாவை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். அதே யோசனையை வேட்டைத் தோட்டாவுக்குக் கொண்டுவந்ததுதான் ஷார்ட் மேக்னம். பழைய மேக்னம்களின் அடியில் பெல்ட் போல ஒரு தடித்த வளையம் ஓடும். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்த 375-இலிருந்து வந்த வழக்கம் அது. கூடு கழுத்தாகக் குறுகும் இடம்தான் தோள். சரிந்த தோள் உள்ள கூட்டைச் சேம்பருக்குள், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்குள், சரியான ஆழத்தில் நிறுத்த அந்தப் பெல்ட் தேவைப்பட்டது. ஷார்ட் மேக்னத்தின் தோள் 35 பாகை, நல்ல செங்குத்து. தோளே தோட்டாவை நிறுத்திவிடும், பெல்ட் வேண்டியதில்லை.

இதனால் கிடைப்பது என்ன? 180 கிரெய்ன் குண்டை எடுத்துக்கொள்வோம். கிரெய்ன் என்றால் நமக்குப் பிடிபடாது. ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன். 180 கிரெய்ன் என்பது ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எடையை 30-06 நொடிக்கு 2,700 அடி வேகத்தில் அனுப்பும். ஷார்ட் மேக்னம் 2,970 அடி வேகத்தில் அனுப்பும். பழைய நீள மேக்னமும் அதே 2,960 பக்கம்தான். அதாவது பத்தில் ஒரு பங்கு மருந்து குறைவாகப் போட்டு, நீளத் தோட்டாவின் வேகத்தைக் குட்டை எட்டிவிடுகிறது. இந்த அளவில் விளம்பரத்தில் சொன்னது உண்மை.

அடுத்த நன்மை ரைபிளைப் பற்றியது. தோட்டா குட்டை என்பதால், தோட்டாவைத் தள்ளி ஏற்றும் போல்ட் ஓடும் தூரம் குறையும், ரைபிளின் உடலும் குட்டையாகும், எடையும் குறையும். மலையில் சுமக்கிறவனுக்கு இதுதான் பெரிய ஆசை. எனக்கும் அதுதான் ஆசை. நான் கூடாரம் போட்ட இடம் 9,500 அடி உயரம். நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான். அந்தக் காற்றில் பத்து எட்டு ஏறினால் மூச்சு வாங்கும்.

ஆனால் அளந்து பார்த்தபோது குறைந்தது எவ்வளவு தெரியுமா? நீளத்தில் அரை அங்குலம், எடையில் நூறு கிராம் அளவுக்கு. தண்ணீர் பாட்டிலில் ரெண்டு மடக்கு குடித்தாலே அந்த நூறு கிராம் போய்விடும். நான் வாங்கிய ரைபிள் உண்மையிலேயே இலேசாக இருந்ததற்குக் காரணம் தோட்டா இல்லை. குழலை ஒல்லியாக்கி, தோளில் வைக்கும் கட்டையைப் பிளாஸ்டிக்கில் செய்து கம்பெனிக்காரர்கள் எடையைக் குறைத்திருந்தார்கள். ஸ்கோப்போடு சேர்த்து 3.2 கிலோ. கடையில் கையில் தூக்கிப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். 2015 ஆகஸ்ட் மாதம்.

அதற்கு முந்தைய இரண்டு வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவரின் 30-06-ஐ இரவல் வாங்கிக்கொண்டு போவேன். பழைய ரைபிள், வாதுமை மரக்கட்டை, நாலு கிலோ இருக்கும். அதில் எனக்கு, சுடும்போது தோளில் விழும் உதை ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. புது ரைபிளை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, கொண்டுபோய் ஒரே நாளில் இரண்டு பெட்டி, நாற்பது தோட்டா சுட்டேன். மேசையில் சாய்ந்து உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் போக வழியில்லை, முழு உதையையும் தோள்தான் வாங்கும். மூன்றாவது பத்தில் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு விசையை இழுத்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. சரி, பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பழகியது. தப்பாகப் பழகியது.

அந்த அக்டோபரில் எனக்குப் பெட்டை எல்க்குக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. எல்க் என்பது கடமான் சாயலில், அதைவிடப் பெரிய மான். பெட்டையே இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பென் காட்டின் ஓரத்தில் 190 கஜத்தில் ஒன்று பக்கவாட்டில் நின்றது. பையை வைத்து, அதன்மேல் ரைபிளை வைத்து, நன்றாகப் படுத்துத்தான் சுட்டேன். அந்தத் தூரத்தில் அந்த ரைபிளால் ஒரு தேங்காயை அடிக்கலாம். விசை விடுபடுவதற்கு முந்தைய கணத்தில் கண்ணை மூடிவிட்டேன் என்பது சுட்ட பிறகுதான் தெரிந்தது. எல்க் முதுகைக் கூன் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து மரங்களுக்குள் போனது. முன்காலுக்குப் பின்னால் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டிருந்தது.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் உடனே துரத்த விடவில்லை. துரத்தினால் மலை தாண்டி ஓடிவிடும், படுக்க விட வேண்டும் என்றார். நீண்ட நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு தடம் பார்த்துப் போனோம். ஆஸ்பென் இலை அந்த மாதத்தில் மஞ்சளாகி உதிரும், தரையெல்லாம் மஞ்சள் வட்டங்கள். அதில் இங்கே ஒரு சொட்டு, நாலு எட்டு தள்ளி ஒரு சொட்டு. இரத்தத்தோடு பச்சையாக இரைப்பைச் சாறும் கலந்திருந்தது. ஒரு சொட்டைக் கண்ட இடத்தில் பெரியவர் நிற்பார், நான் அடுத்ததைத் தேடுவேன். இப்படி நாலு மணி நேரம். கடைசியில் விழுந்த மரம் ஒன்றின் மறைவில் படுத்திருந்தது, உயிரோடு. தலையைத் திருப்பிப் பார்த்தது, எழவில்லை. இரண்டாவது குண்டில் முடிந்தது.

அந்த நாலு மணி நேரத்தை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அது பட்ட வேதனைக்கு முழுக்க நான்தான் காரணம். நொடிக்கு 2,970 அடி வேகமோ மேக்னம் என்ற பெயரோ தப்பான இடத்தில் பட்ட குண்டைச் சரிசெய்யவில்லை. 30-06 அந்த இடத்தில் பட்டிருந்தாலும் இதே கதைதான். ஆனால் 30-06 என் கையில் இருந்திருந்தால் அந்த இடத்தில் பட்டிருக்காது.

அடுத்த வாரம் பெரியவர் என்னை ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். என் ரைபிளில் தோட்டா அடுக்கும் மேகசினை அவரே நிரப்பினார், நான் பார்க்கக் கூடாது. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மி ஒன்றைக் கலந்துவிட்டார். முதலாவது வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தேன், 'டிக்' என்ற சத்தம் மட்டும். குழலின் நுனி இரண்டு விரற்கடை கீழே குத்தி நின்றது. உதை இல்லை, வெடி இல்லை. வரப்போகும் அடிக்குப் பயந்து என் கையே ரைபிளைக் கீழே அழுத்தியிருக்கிறது. வலக்கைக்காரனுக்கு இந்தக் கோளாறு வந்தால் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழே இறங்கும். யாராவது நான் உதைக்குப் பயப்படுவதில்லை என்று சொன்னால், இந்த டம்மிச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுவேன். செலவில்லாதது, அரை மணி நேரம் போதும்.

அதைப் போக்க ஒரு வருடம் முழுக்க வேலை செய்தேன். 22 ரைபிள் ஒன்று வாங்கினேன், அதில் உதையும் இல்லை, தோட்டாவும் மலிவு. வாரம் ஐம்பது அதில் சுடுவேன். தினமும் ராத்திரி பெரிய ரைபிளைக் காலி என்று மூன்று முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்து இருபது முறை வெறுமனே விசை இழுப்பேன். பெரிய ரைபிளில் ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் சுடுவதில்லை. மேசையில் உட்கார்ந்து சுடுவதை ஸ்கோப் திருத்த மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் உட்கார்ந்தும் முட்டி போட்டும் சுட்டேன். உடம்பு அசைய இடமிருந்தால் உதை பாதியாகத் தெரியும். காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதன்மேல் காதுமூடி, இரண்டும் போட்டேன். பயத்தில் பாதி சத்தத்தால் வருவது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டையின் அடியில் நல்ல ரப்பர் பட்டை ஒன்று மாற்றினேன். ஒரே எடையுள்ள ரைபிளில் ஷார்ட் மேக்னத்தின் உதை 30-06-ஐவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதல். இலேசான ரைபிள் என்றால் அதற்கும் மேல். எடை குறைகிறது என்று எதைக் கொண்டாடி வாங்கினேனோ, அதுதான் தோளில் திரும்பி வந்தது.

2016-இல் ஒன்றும் கிடைக்கவில்லை. 2017-இல் வேறு ஒரு குறை வெளிவந்தது. 150 கஜத்தில் முதல் குண்டு நல்ல இடத்தில் பட்டது, எல்க் விழவில்லை, நின்றது. உடனே இரண்டாவதைப் போட வேண்டும். போல்ட்டை இழுத்துத் தள்ளினேன், பாதியில் மாட்டிக்கொண்டது. பார்த்தால் தோட்டாவின் மூக்கு சேம்பர் வாயின் கீழ் விளிம்பில் முட்டி, வால் மேகசினில் சிக்கி, குறுக்கே நிற்கிறது. அதைப் பிடுங்கி எடுத்து மறுபடி போடுவதற்குள் எல்க் தானே விழுந்துவிட்டது. அன்று அதிர்ஷ்டம்.

இதற்கும் காரணம் அந்த வடிவம்தான். தடித்த கூடு, செங்குத்துத் தோள். அதோடு அடி விளிம்பு கூட்டின் உடலைவிடச் சற்றுச் சிறியது, அதனால் போல்ட்டின் முகம் பிடிக்கும் இடம் குறைவு. மேகசினுக்குள்ளும் நாலு ஐந்து போகும் இடத்தில் மூன்றுதான் போகும். நல்ல ரைபிளில் இது வழவழவென்று ஓடும், எல்லா ரைபிளிலும் ஓடாது. துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் மேகசின் உதடுகளையும் சேம்பர் வாய்க்குப் போகும் சரிவையும் தேய்த்து மெருகேற்றித் தந்தார், அதோடு சரியாயிற்று. என் பங்குக்கும் ஒரு தப்பு இருந்தது. சத்தம் வரக் கூடாது என்று போல்ட்டை மெல்லத் தள்ளினேன். அதை முழுக்க இழுத்து, முழு வேகத்தில் தள்ள வேண்டும். இந்த வகை ரைபிள் வாங்குகிறவர்கள் கடைக்கே மூன்று டம்மித் தோட்டாவோடு போங்கள். மேகசினை நிரப்பி, நின்றும் சாய்த்தும் இருபது முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன். 2018-இல் அந்தத் தோட்டாவின் நல்ல முகத்தையும் பார்த்தேன். திறந்த புல்வெளி, நெருங்க மறைவில்லை, லேசர் மானியில் 320 கஜம், காற்று ஏறக்குறைய இல்லை. மூன்று வருடப் பயிற்சி கையில் இருந்தது. ஸ்கோப்பை 200 கஜத்துக்குத் திருத்திவைத்திருந்தேன், குறியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் போதும் என்று தெரியும். ஒரே குண்டு, நாற்பது எட்டுக்குள் விழுந்தது. மறுநாள் அதே புல்வெளியில் பெரியவரின் மகன் தன் அப்பாவின் அந்தப் பழைய 30-06-ஐ வைத்து 280 கஜத்தில் இன்னொன்றை அடித்தார். அதுவும் நாற்பது எட்டுக்குள்தான் விழுந்தது. இரண்டையும் அறுத்துப் பார்த்தோம். குண்டு போன வழி, நுரையீரலின் நிலை எதிலும் எது மேக்னம், எது பழசு என்று சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 200 கஜத்துக்குத் திருத்திய ரைபிளில் 180 கிரெய்ன் குண்டு 300 கஜம் போகும்போது 30-06-இல் எட்டரை அங்குலம் பக்கம் இறங்கும், ஷார்ட் மேக்னத்தில் ஏழு. வித்தியாசம் ஒன்றரை அங்குலம். எல்க்கின் நெஞ்சுக்குள் குண்டு பட வேண்டிய இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். 400 கஜத்தில் வித்தியாசம் நாலு அங்குலமாகும், காற்றுத் தள்ளுவதிலும் மேக்னத்துக்குச் சாதகம் தெரியும். அந்தத் தூரத்தில் அடிக்கிறவர்களுக்கு இந்தத் தோட்டா நிச்சயம் பயன்படும். நான் 350-க்கு மேல் சுடுவதில்லை என்று 2015-க்குப் பிறகு முடிவு செய்தவன். என் எல்லைக்குள் நான் கூடுதலாகக் கொடுத்த விலையும் வாங்கிய உதையும் ஒன்றரை அங்குலத்துக்குத்தான்.

கூட்டைவிடக் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழித்தது எனக்கு அதிகம் பலன் தந்தது. முதல் வருடம் மலிவான ஈயக் குண்டு. கிட்டத்தில் மேக்னம் வேகத்தில் எலும்பில் பட்டால் அது சிதறும். கறியில் ஈயத் துகள் கிடக்கும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வராது. பிறகு முழுச் செம்புக் குண்டுக்கு மாறினேன். அது சிதறாது, பூப்போல விரிந்து ஊடுருவும். ஆனால் விரிய வேகம் வேண்டும். படும்போது நொடிக்கு 2,000 அடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. செம்பு சுடுகிறவர்களுக்கு மேக்னத்தின் கூடுதல் வேகம் கைகொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் 2020. கொரோனா காலத்தில் அமெரிக்காவில் தோட்டாவே கிடைக்கவில்லை. கடை அலமாரிகள் காலி. 308 என்ற இன்னொரு சாதாரணத் தோட்டாவும் 30-06-உம் மாதத்தில் ஒருநாள் தலைகாட்டும், காலையில் வரிசையில் நின்றால் ஒரு பெட்டி தருவார்கள். ஷார்ட் மேக்னத்தை நான் ஒன்பது மாதம் கண்ணால் பார்க்கவில்லை. 2021 பருவத்துக்கு என் கையில் மிச்சம் பதினொரு தோட்டா. ஸ்கோப் சரிபார்க்க மூன்று போனால் எட்டு. பயிற்சிக்கு ஒன்றும் இல்லை. சாதாரண நாளிலேயே 30-06 பெட்டியைவிட ஒன்றரை மடங்கு விலை கொடுத்து வந்தேன். விற்பனை குறைந்த தோட்டாவைத்தான் கம்பெனிகள் கடைசியாக உற்பத்திக்கு எடுக்கும். இந்தக் குடும்பத்திலேயே எத்தனை காணாமல் போய்விட்டன பாருங்கள். 2003-இல் வந்த 223, 243 சூப்பர் ஷார்ட் மேக்னம்களைக் கேட்டால் இன்று கடைக்காரப் பையன்களுக்குப் பெயரே தெரியாது. ரெமிங்டன் போட்டிக்குக் கொண்டுவந்த 300 குட்டை மேக்னமும் எடுபடவில்லை. அவற்றோடு பார்த்தால் 300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் பிழைத்துக்கொண்டது. 2022-இல் ஊருக்குத் திரும்பும் முன் என் ரைபிளை விற்றபோது வாங்க ஆள் இருந்தது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்ப வேண்டாங்கறீங்களா மாமா?" என்றான்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் ரைபிளாக வேண்டாம் என்றேன். முதலில் நல்ல நிலையில் உள்ள பழைய 30-06 அல்லது 308 வாங்கு, ஸ்கோப்போடு மூன்றரை கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும், மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுடு. மூன்று பருவம் போன பிறகும் 350 கஜத்துக்கு மேல் அடிக்க வேண்டிய திறந்த வெளியில்தான் உனக்கு வேட்டை அமைகிறது என்றால் அப்போது குட்டை மேக்னம் யோசி. அப்போதும் 300-ஐ வாங்கும் முன் 6.5 பி.ஆர்.சி. என்ற தோட்டாவை ஒருமுறை சுட்டுப் பார். 2018-இல் வந்த அதுவும் குட்டைத் தடித் தோட்டாதான். 143 கிரெய்ன் குண்டை 2,960 அடி வேகத்தில் அனுப்பும், உதை 30-06-ஐத் தாண்டாது. நண்பர் ஒருவருடையதை ஒரு மாலை முழுக்கச் சுட்டேன், தோளில் ஒன்றும் தெரியவில்லை. எதை வாங்கினாலும் ஒரே வகைத் தோட்டாவில் பத்துப் பெட்டி மொத்தமாக எடுத்து வை. குண்டு மாறினால் ஸ்கோப்பை மறுபடி திருத்த வேண்டும்.

சட்டத்தையும் சொன்னேன். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் பொதுவாக விடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அதைக் காகிதத்தோடு தெளிவாக்கிக்கொண்டுதான் கடைக்குள் கால் வைக்க வேண்டும். கொலராடோவில் 1949-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்வி வகுப்பில் தேறிய அட்டை இல்லாமல் உரிமமே கிடையாது. ரைபிள் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சோ பிங்கோ மேலே உடுத்த வேண்டும், தலையிலும். உண்ணக்கூடிய கறியைக் காட்டில் விட்டு வருவது குற்றம். எலும்பு நீக்கிய பிறகும் பெட்டை எல்க்கில் எழுபது கிலோ பக்கம் கறி வரும். முதுகில் சுமந்து மூன்று நாலு நடை. நாங்கள் அதைப் பள்ளிபாளையம் முறையில் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுப்போம். மிச்சத்தை உப்புக்கண்டம் போடுவோம். பெரியவர் வீட்டுக்கும் ஒரு டப்பா போகும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மக்காச்சோளக் காட்டுக்குள் தட்டு முறியும் சத்தம் கேட்டது. எழுந்து டார்ச் அடித்தேன். ஐந்தாறு முதுகுகள். வெடியைப் பற்றவைத்து வரப்புக்கு அந்தப் பக்கம் வீசினான். உறுமிக்கொண்டு ஓடையை நோக்கி ஓடின.

"இதுக்கு ஒண்ணு இருந்தா நல்லாருக்குமுங்" என்றான்.

இதை நம் பக்கத்தில் பலர் கேட்கிறார்கள். எங்கள் அப்பாரு காலத்தில் வீட்டில் உரிமத்தோடு இரட்டைக்குழல் இருந்தது. பெரிய ஈயக் குண்டுகள் அடங்கிய எல்.ஜி. தோட்டா போட்டு வைத்திருப்பார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1991 திருத்தத்தோடு உரிமம் பெற்ற வேட்டையும் அடியோடு நின்றது. இன்று பன்னியானாலும் நாம் சுட்டால் குற்றம். 2025-இல் தமிழ்நாடு அரசு கொடுத்த அனுமதியும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறை ஆட்களுக்குத்தான். எங்கள் தோட்டம் அந்தத் தூரத்துக்குள் வருகிறது, அதனால் எங்களுக்கு வெடியும் டார்ச்சும்தான். பன்னியால் போன வருடம் கால் ஏக்கர் சோளம் போயிற்று. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனாலும் இந்த ரைபிள்கள் இந்த மண்ணுக்கு ஆகாது என்று உறுதியாகச் சொல்லுவேன். அங்கே நான் சுட்டபோதெல்லாம் குண்டுக்குப் பின்னால் ஒரு மலைச் சரிவு இருந்தது. இல்லையென்றால் சுட மாட்டேன். தவறிய குண்டு மூன்று நாலு கிலோமீட்டர் போகும். நம் ஊரிலோ தோட்டத்துக்கு ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு, சாளைக்கு முன்னால் கட்டிலில் ஆள் படுத்திருப்பார்கள். அந்த ராத்திரி நாங்கள் நின்ற இடத்திலிருந்து நாலா பக்கமும் எண்ணினேன், பதினேழு விளக்கு தெரிந்தது. அவனும் எண்ணினான்.

பங்குனியில் கிளம்பிப் போனான். வகுப்பில் தேறி அட்டை வாங்கினான், உரிமம் எடுத்தான், அதற்கப்புறம் ஒரு வயதானவரிடம் பழைய 30-06 வாங்கினான். சனிக்கிழமைதோறும் சுட்ட குறி அட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறான். நான் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு ஓட்டையாக எண்ணுவேன். நேற்று வந்த படத்தில் பதினைந்து ஓட்டை. பதிமூன்று ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்குகிறது. கடைசியாகச் சுட்டவை என்று அவன் வட்டம் போட்டிருந்த இரண்டு மட்டும் இடப்பக்கம் கீழே இறங்கியிருந்தன. டம்மி கலந்து பார்த்தாயா, காதுக்கு இரண்டும் போட்டாயா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். அங்கே இன்னும் விடியவில்லை.